யாருக்கும் சொந்தமில்லாத கறுப்பு ஒயர்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம், கல்லூரி வாசலில் ஊர் திரும்புகிற பஸ் படியில் கால் வைத்தபோதே துளசிமணியைப் பிடித்துக்கொண்டது. பார்த்ததெல்லாம் கண்ணுக்குள் அப்படியே இருந்தது. ஆனால் கண்ணில் இருப்பது வாய்க்கு வந்து சேருவதற்குள் என்னென்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போய் வந்தவளிடம் பெண்ணுக்கு என்ன நிறப் புடவை என்று கேட்டால், பச்சையா நீலமா என்று வாசலிலேயே நின்றுவிடுகிறவள் அவள். இன்றைக்குக் கேட்கப்போவது புடவை நிறம் இல்லை. காலையில் வீட்டுக்காரர் நாச்சிமுத்து மாவு மில்லைத் திறக்கக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார்: "போய்ப் பாத்துட்டு வா புள்ள. அந்த லேப்புல அவ தன் கையால என்ன செஞ்சிருக்கான்னு பாத்துட்டு வந்து சொல்லு. அப்புறம் முடிவு பண்ணிக்கலாம்." முடிவு என்றால் மகள் சிந்துஜாவின் வரப்போகிற கடைசி வருஷம். கல்லூரி விட்ட பிறகும் அந்த ரோபோ லேபில் இருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு வருவதா, அல்லது அதை விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டு மாடியில் இருக்கிற கம்ப்யூட்டர் கிளாஸில் சேருவதா என்கிற முடிவு. பெரியப்பா மகன் அந்தக் கிளாஸுக்குப் போய்த்தான் பெங்களூரில் வேலையில் உட்கார்ந்திருக்கிறான். லேபில் யார் யார் இருக்கப்போகிறார்கள் என்று அந்த லேபைப் பார்த்துக்கொள்கிற மேடம் நாளைக் காலையில் பெயர் எழுதிவிடுவார். அதனால் இன்றைக்கே சொல்லியாக வேண்டும். "நீயே சொல்லும்மா அப்பாகிட்ட. நான் சொன்னாச் சண்டையாயிரும். ஆனா ஒழுங்காச் சொல்லு," என்று மகள் கேட் வரைக்கும் வந்து சொன்னாள். அந்த 'ஒழுங்கா'தான் இப்போது தொண்டையில் மீன் முள் மாதிரி நிற்கிறது.

ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. ஷட்டர் பாதியில் மாட்டிக்கொண்டு லொடலொடவென்று ஆடியது. கை வைத்தால் நின்றது, எடுத்தால் ஆடியது. வைத்துக்கொண்டே உட்கார்ந்தாள். நாச்சிமுத்து அவளை அனுப்பியதற்குக் காரணம் உண்டு. அண்ணனை அனுப்பினால் பெருமைக்கு இரண்டு சேர்த்துச் சொல்வார், மகளே சொன்னால் தன் பக்கம் சாய்த்துச் சொல்வாள், நீ சொன்னால் சொன்னபடி இருக்கும், பயந்தவர்களுக்குப் பொய் சொல்ல வராது என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அது பாராட்டா கேலியா என்று அவள் இன்னும் தீர்மானிக்கவில்லை. பயந்தவள்தான். காலையில் கேஸ் குமிழை மூடினோமா? மூடினாள். மூடிவிட்டுத் தொட்டும் பார்த்தாள். தொட்டது ஞாபகம் இருக்கிறது, ஆனால் அது இன்றைக்குத் தொட்டதா நேற்றைக்குத் தொட்டதா? தினமும் தொடுவதால் எல்லாத் தொடுதலும் ஒன்றாகிவிட்டது. பூட்டையும் அப்படித்தான். தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தாள். பக்கத்து வீட்டு ராஜாமணி அக்கா துணி உலர்த்திக்கொண்டே, பூட்டு உங்களைக் கண்டால் தானே பூட்டிக்கும் துளசி என்றாள். சிரித்துவிட்டுத்தான் வந்தாள். சிரித்துவிட்டு வந்தாலும் கேஸ் குமிழ் கூடவே பஸ்ஸில் ஏறி மடியில் உட்கார்ந்திருக்கிறது. சரி, அது இருக்கட்டும். முதலில் இதை ஒழுங்குபடுத்த வேண்டும். எங்கே ஆரம்பிப்பது? வண்டியில் ஆரம்பிக்கலாம். மூன்று சக்கர வண்டி, இடுப்பு உயரம், அதன் மேல் ஒரு கை, கைக்கு மேல் ஒரு கேமரா. ஒரு மேஜையில் இருக்கிற தண்ணீர் டம்ளரை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு மேஜையில் சிந்தாமல் வைக்க வேண்டும். இதுவரை சரி. அவர் உடனே கேட்பார், சக்கரம் யார் செஞ்சது? நவநீத் என்கிற பையன். கை? ரிஸ்வான். கேமராவும் அதுக்குள்ள இருக்கிற புரோகிராமும்? ஷெரின் என்கிற பெண். அப்ப நம்ம அம்மிணி? அங்கேதான் நின்றுவிடுகிறது. ஷட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டாள் போலிருக்கிறது, மறுபடியும் ஆடியது.

இதே கேள்வியை அவளே மகளிடம் கேட்டாள், மழைக்கு முந்தி, புளி உடைத்துக்கொண்டிருந்தபோது. ஆளுக்கு ஒன்று செய்கிறீர்களே, உனக்கு எது என்றாள். எனக்குன்னு எதுவும் இல்லம்மா, அவங்க செய்யறதை நான் ஒண்ணு சேக்கணும், அதுக்கு சிஸ்டம் இன்டகிரேஷன்னு பேரு என்றாள் அவள். துளசிமணிக்குச் சுருக்கென்றது. தன் பெண்ணை ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாள். பெரிய பெரிய வேலையையெல்லாம் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு, ஒரு வேலையும் இல்லாதவளுக்கு ஒரு நீளமான பெயரைக் கொடுத்து உட்காரவைத்துவிட்டார்கள். ஆறாவது பாதியில் நின்றவள் தான் என்பதால் தனக்குப் புரியவில்லையோ என்றும் நினைத்தாள். அம்மா நோய்ப்பட்டுப் படுத்த வருஷம் அது. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் பின்னம் ஆரம்பித்திருந்தார். கீழே இருக்கிற எண்கள் வேறு வேறாக இருந்தால் அப்படியே கூட்டக்கூடாது, முதலில் கீழே ஒன்றாக்க வேண்டும் என்றார். எப்படி ஒன்றாக்குவது என்பது மறுநாள் பாடம். அந்த மறுநாளுக்கு அவள் போகவில்லை. அதனால் இன்றைக்கும் யாராவது கூட்டுவதைப் பற்றிப் பேசினால் அந்த மறுநாளில்தான் விடை இருக்கிறது என்று ஒரு எண்ணம். இன்டகிரேஷன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். இன்-ட-கி-ரே-ஷன். பக்கத்தில் கீரைக்கட்டுடன் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னங்க என்றாள். ஒண்ணுமில்லீங்க என்றாள். அந்த வார்த்தையைச் சொல்லவே வேண்டாம். சொன்னால் அவர் அதைப் பிடித்துக்கொள்வார். நாக்கு சுளுக்கும் பேருக்குள்ள வேலை ஏதாச்சும் இருக்கா என்பார்.

மேடத்தைப் பற்றி ஆரம்பிக்கலாமா? பெனிட்டா மேடம். நாகர்கோவில் பக்கம். பருத்திப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்றவரைப் பார்த்து முதலில் இவரும் படிக்கிற பெண் என்றே நினைத்தாள். அவர் வைத்திருக்கிற பழக்கங்கள் விசித்திரமானவை. நாலு பேர் கொண்ட கூட்டத்தில் மூன்று பேர் ஆளுக்கொரு பாகத்தைத் தனித்தனியாகச் செய்வார்கள். தனித்தனியாக ஓட்டிப் பார்த்துச் சரி என்று வைத்துக்கொள்வார்கள். எல்லாவற்றையும் முதல்முதலாகச் சேர்ப்பது பெற்றோர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்திருக்கிற நாளில், அவர்கள் கண் முன்னால். முன்னாடியே ஒரு தடவை சேர்த்துப் பார்த்துவிட்டு அப்புறம் காட்டினால் என்ன என்று பக்கத்தில் இருந்த ஒரு அப்பா கேட்டே விட்டார். முதல் தடவையே ஓடிட்டா அதுல படிக்கறதுக்கு ஒண்ணும் இல்லீங்க, ஓடாததைப் பாக்கத்தான் உங்களைக் கூப்பிட்டேன் என்றார் மேடம். இன்னொரு பழக்கம் அந்த சைக்கிள் மணி. மேஜை விளிம்பில் பழைய சைக்கிள் மணி ஒன்றைத் திருகி வைத்திருக்கிறார்கள். வண்டி ஓடாமல் நிற்கும்போது யாராவது 'என் பார்ட் சரியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிட்டால் அவர்கள் போய் அந்த மணியை அடிக்க வேண்டும். அந்த வாக்கியத்துக்கு அங்கே அதுதான் தண்டனை. மூன்றாவது பழக்கம், சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருந்தது, தமிழிலும் இங்கிலீஷிலும்: அணைத்துவிட்டுப் பேசு. பவர் ஓடிக்கொண்டிருக்கிற எதன் முன்னாலும் நின்று யாரும் வாதாடக் கூடாது. முதலில் சிவப்பு பட்டன், அப்புறம் வாய். துளசிமணி அந்த எழுத்தைப் படித்ததும் அந்த அறையில் தனக்குத் தெரிந்தவர் ஒருவர் இருப்பது போல் லேசாக மூச்சு விட்டாள்.

மெஷின் என்றாலே அவளுக்கு அந்த பெல்ட்தான். மில் வாங்கிய புதிதில் பெல்ட் நழுவிக்கொண்டே இருந்தது. மோட்டார்க்காரன் வந்து பார்த்துவிட்டு மோட்டார் நல்லாத்தான் இருக்கு என்றான். பெல்ட் விற்றவன் வந்து பெல்ட் புதுசுங்க என்றான். கல் கொத்துகிறவன் வந்து கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு இதுல ஒண்ணும் இல்லை என்று போய்விட்டான். ஒரு நாள் அவள் சோற்றுத் தூக்குப் போசியோடு உள்ளே போய் நின்றபோது, பட்டென்று ஒரு சத்தம், பெல்ட் கழன்று பறந்து அவள் தலைக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தது. சுண்ணாம்பு பெயர்ந்து தோளில் விழுந்தது. கடைசியில் பார்த்தால் மோட்டார் உட்கார்ந்திருந்த இரும்புப் பலகையின் போல்ட்டு தளர்ந்து போயிருந்தது. அதைப் பார்ப்பது மோட்டார்க்காரன் வேலையும் இல்லை, பெல்ட்காரன் வேலையும் இல்லை. அன்றிலிருந்து அவள் மில்லின் வாசற்படியைத் தாண்டுவதில்லை. போசியை வெளியிலிருந்தே நீட்டுவாள். சத்தத்தில் அவர் சொல்வது அவளுக்குக் கேட்காது, அவள் சொல்வது அவருக்குக் கேட்காது, பாதிக் குடும்பம் கைஜாடையிலேயே நடந்தது. சுவரில் இருக்கிற அந்த ஸ்டார்ட்டர் பெட்டியை, பச்சையும் சிவப்புமாக இரண்டு பட்டன், அவள் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. மகள் மட்டும் சின்ன வயதிலிருந்தே உள்ளே போய் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு அந்தப் பெல்ட் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். இவள் வாசலில் நின்று வா வா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பாள். கேஸ் குமிழ். மூடியிருக்கும். மூடாமல் இருந்திருந்தால் இந்நேரம் ராஜாமணி அக்கா போன் செய்திருப்பாள். போனை எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாதது நல்லதா, அல்லது அக்காளுக்கே ஏதாவது ஆகிவிட்டதா?

பஸ் தென்னந்தோப்புகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நார் காயப்போட்டிருந்த களங்களிலிருந்து ஈர வாசனை வந்தது. கீரைக்கார அம்மாள் தூங்கி அவள் தோளில் சாய்ந்துவிட்டாள். அசையாமல் இருந்தாள், எழுப்பினால் பாவம். சரி, நடந்ததை நடந்தபடி. மஞ்சள் டேப் ஒட்டிய கோட்டுக்கு இந்தப் பக்கம் பெற்றோர்கள். அந்தப் பக்கம் வண்டியைச் சுற்றி நாலு பேர். நவநீத் தன் சக்கரத்தை ஓட்டிக் காட்டினான், வண்டி வழவழவென்று போய் வந்தது. ரிஸ்வான் கையை ஆட்டிக் காட்டினான், அது டம்ளரை எடுத்து வைத்தது. எல்லோரும் கை தட்டினார்கள். ஷெரின் கேமராவைக் காட்டினாள், டம்ளர் எங்கே இருக்கிறது என்று திரையில் பச்சைக் கட்டம் போட்டது. சிந்துஜா எதையும் காட்டவில்லை. காட்ட ஒன்றும் இல்லை. அவள் ஒயர்களை ஒன்றோடொன்று செருகிக்கொண்டே வந்தாள். செருகி முடித்ததும் ஒரு காரியம் செய்தாள். அதைப் பார்த்தபோது துளசிமணிக்கு உடம்பே கூசியது. ஒவ்வொரு ஒயரின் முனையையும் ஆள்காட்டி விரலால் தொட்டாள். தொட்டு, உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்து, அடுத்ததைத் தொட்டாள். கடைசி வரை போய்விட்டு மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள். ஒரு பையன் பின்னாலிருந்து, சிந்து பூசை முடிஞ்சுதா, தேங்காய் உடைச்சிரலாமா என்றான். எல்லோரும் சிரித்தார்கள். துளசிமணி மட்டும் கைப்பையை இறுக்கிக்கொண்டாள். பூட்டு. கேஸ் குமிழ். வாசல் வரை போய்த் திரும்பி வந்து தொடுவது. இது எப்படி அந்த அறைக்குள் வந்தது, இதை யார் இவளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்? பெண் குழந்தைக்கு மூக்கைக் கொடுக்கலாம், முடியைக் கொடுக்கலாம். இதையா கொடுத்தோம்?

சிந்துஜா பச்சை பட்டனை அழுத்தினாள். கை நடுங்கியது. மெஷின் கைதான். மலேரியா காய்ச்சலில் போர்த்திப் படுத்திருக்கிறவன் மாதிரி அப்படி ஒரு நடுக்கம். டம்ளருக்குப் பக்கத்தில் போய் நடுங்கி, டம்ளரைத் தட்டிவிட்டது. கண்ணாடி டம்ளர். உடைந்தது. யாரோ ஒரு அம்மா ஐயோ என்றாள், அது தானாகவும் இருக்கலாம். சிந்துஜா சிவப்பு பட்டனை அடித்தாள். நடுக்கம் நின்றது. ரிஸ்வான் முகம் வெளுத்து, இவ்வளவு நேரம் நல்லாத்தானே இருந்துச்சு, என் கை சரியாத்தான் இருக்கு என்றான். போய் மணி அடித்தான். நவநீத், சக்கரத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, என்னுது சரி என்றான். மணி. ஷெரின் வாயைத் திறந்து, மூடி, மறுபடியும் திறந்து, கோட் சரியாத்தான் மேடம் இருக்கு என்றாள். மணி. பெற்றோர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மேடம் துடைப்பத்தை எடுத்துக் கண்ணாடித் துண்டுகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். சிந்துஜாவின் காது மடல் இரண்டும் சிவந்துவிட்டது. சின்ன வயதில் திருவிழாக் கூட்டத்தில் தொலைந்துபோய்க் கிடைத்த அன்றைக்கும் இவள் அழவில்லை, காது மட்டும் இப்படித்தான் சிவந்திருந்தது. அவள் மணி அடிக்கப் போகவில்லை. போக முடியாது, சரி என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு ஒரு பாகமே இல்லையே. அந்தக் கணத்தில் அவள் அப்பா அங்கே இல்லாததற்குத் துளசிமணி எல்லாச் சாமிக்கும் நன்றி சொன்னாள். பிறகு நடந்ததை அவர் பார்க்கவில்லையே என்று அடுத்த நிமிஷமே வருந்தினாள்.

ஏனென்றால் சிந்துஜா வண்டியைப் பார்க்கவில்லை. அதைத்தான் அவரிடம் சரியாகச் சொல்ல வேண்டும், அதைச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. மற்ற மூன்று பேரும் அவரவர் செய்ததையே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவள் சக்கரத்துக்கும் கைக்கும் நடுவில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தை ஒரு ஆள் அவ்வளவு நேரம் பார்க்க முடியுமா? பிறகு மெதுவாகக் கேட்டாள், ரிஸ்வான், உன் கைக்கு எந்த பேட்டரி? இது, நீலம். அதுக்குக் கட்டளை போடற போர்டுக்கு? சக்கரத்தோட பேட்டரி. ரெண்டும் எங்கயாச்சும் சேருதா? ரிஸ்வான் நவநீத்தைப் பார்த்தான், நவநீத் ரிஸ்வானைப் பார்த்தான். சிந்துஜா டப்பாவிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கறுப்பு ஒயரை எடுத்தாள். அவ்வளவுதான், ஒரே ஒரு கறுப்பு ஒயர். ஒரு முனையை இங்கே, ஒரு முனையை அங்கே. மறுபடியும் ஒவ்வொன்றையும் தொட்டாள். இந்தத் தடவை பின்னாலிருந்து யாரும் பூசை என்று சொல்லவில்லை. பச்சை பட்டன். கை அசையாமல் நின்றது, கோயில் யானை பாகன் சொல்லுக்குக் காத்து நிற்கிற மாதிரி. போய் இன்னொரு டம்ளரைப் பிடித்தது. தூக்கியது. தண்ணீர் லேசாக ஆடி நின்றது. வண்டி திரும்பி அறையைக் கடந்து போய், எதிர் மேஜையில் சத்தமில்லாமல் வைத்தது. துளசிமணி கை தட்ட மறந்துவிட்டாள். பிறகு எல்லோரும் நிறுத்திய பிறகு அவள் மட்டும் தட்டினாள். அதுவும் ஒரு மானக்கேடு.

அது ஏம்மா அப்படி நடுங்குச்சு என்று அப்புறம் மகளைக் கேட்டாள். ஒருத்தர் மாடியில நின்னு உயரம் அளக்கறாரு, இன்னொருத்தர் கீழ நின்னு அளக்கறாரு, அவரு சொல்ற கணக்கு இவருக்கு எப்படிப் புரியும், ரெண்டு பேரையும் ஒரே தரையில நிக்க வெக்கணும்ல, அந்த ஒயர்தான் தரை என்றாள் மகள். இது புரிந்தது. பஸ்ஸில் இப்போது நினைத்தாலும் புரிந்தது. கீழே ஒன்றாக்காமல் கூட்டக்கூடாது. அந்த மறுநாள் பாடத்துக்கு இத்தனை வருஷம் கழித்துப் போய் வந்த மாதிரி இருந்தது. ஆனால் அவருக்கு இதைச் சொன்னால்? நாலு பேர் சேர்ந்து ஒரு வண்டி செஞ்சாங்க, நம்ம பொண்ணு ஒரு ஒயர் போட்டா. ஒரு ஒயர். ஒரு ஒயருக்கா நாலு வருஷப் படிப்பு, ஒரு ஒயருக்கா கடைசி பஸ் என்பார். மில்லில் மாவுக்குக் காத்திருக்கிறவர்களும் சிரிப்பார்கள். சிரிப்பு வந்துவிட்டால் அதற்கு மேல் அவர் காதுக்குள் எதுவும் போகாது. கூட்டிச் சொல்லிவிடலாம். எல்லாம் அவள்தான் செய்தாள் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். யார் வந்து பார்க்கப்போகிறார்கள்? ஆனால் ரிஸ்வானின் வெளுத்த முகம் கண்ணில் வந்தது. அவன் அந்தக் கையைச் செய்ய எத்தனை நாள் தூங்காமல் இருந்தானோ. அவன் அம்மாவும் இந்நேரம் ஏதோ ஒரு பஸ்ஸில் உட்கார்ந்து, என் பையன் செஞ்ச கை நல்ல கைதான், அது நடுங்கினதுக்கு அவன் காரணம் இல்லை என்று சொல்லிப் பழகிக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்வதா வேண்டாமா என்றுதான் தெரியவில்லை. எல்லாம் முடிந்து டீயும் பன்னும் கொடுத்தபோது மேடம் பக்கத்தில் வந்து நின்றார். நீங்க சிந்துஜா அம்மாங்களா, உங்க பொண்ணு ரொம்பப் பயந்த பொண்ணுங்க என்றார். துளசிமணிக்கு டீ கசந்தது. இத்தனை பேர் முன்னாலும் இதைத்தானா சொல்ல வேண்டும்? மேடம் விடவில்லை. "தைரியமான புள்ளைங்க எனக்கு எத்தனை வேணாலும் கிடைப்பாங்க. ஆளுக்கு ஒண்ணைச் செஞ்சுட்டு நெஞ்சை நிமித்திட்டு நிப்பாங்க. சேக்கற வேலைக்குப் பயந்த ஆள்தான் வேணும். எது எங்க பிச்சுக்கும்னு ராத்திரியெல்லாம் யோசிக்கற ஆள். அடுத்த வருஷம் மொத்த லேப்புக்கும் நாலஞ்சு வண்டி வரும், அதையெல்லாம் சேக்கறதுக்கு இவளை விட்டா எனக்கு ஆள் இல்லீங்க. யாருகிட்ட இருந்து வந்துது இந்தக் குணம்?" அவள் வெட்கத்தில், அவங்கப்பா மாதிரிங்க என்று சொல்லிவிட்டாள். பொய் வராது என்று பேர் எடுத்தவள்! நாச்சிமுத்துவுக்குப் பயமா? ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையை விட்டு மாவைத் தள்ளுகிற மனுஷனுக்கா? பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்துவிட்டாள். தோளில் சாய்ந்திருந்த அம்மாள் விழித்து, எந்த ஸ்டாப்புங்க என்றாள். சிரிப்பு அடங்கிய பிறகு அடியில் வேறு ஏதோ மிச்சமிருந்தது. சூடாக, நெஞ்சுக்கு நேராக. ஒரு பெரிய படிப்புப் படித்த அம்மாள், ஒரு முழு லேப்புக்கு, என்னைத் தேடிக்கொண்டிருக்கிறார். என்னிடமிருந்து போனதை. வாழ்நாள் முழுக்க ராஜாமணி அக்கா சிரித்த சிரிப்பு, நாத்தனார் சிரித்த சிரிப்பு, அவ்வளவையும் மகள் எடுத்துப் போய் ஒரு சாண் ஒயரில் கட்டிவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தாள். நடக்க நடக்க நெஞ்சில் இருந்த சூடு ஆறி, பழைய பயம் வந்து கூட நடந்தது. எங்கே ஆரம்பிப்பது. வண்டியிலிருந்தா, மேடத்திலிருந்தா, மணியிலிருந்தா. மில் தெரு திரும்பும்போதே சத்தம் கேட்டது. மிளகாய் ஓடிக்கொண்டிருந்தது, நாலு கடை தள்ளியே தும்மல் வந்தது. வாசலில் ராகித் தூக்கோடு ஒரு அம்மாளும், அரிசி மூட்டையோடு ஒரு பெரியவரும் நின்றிருந்தார்கள். நாச்சிமுத்து உள்ளே, முகமெல்லாம் மிளகாய்ச் சிவப்பு, கண் மட்டும் வெள்ளையாக. அவளைப் பார்த்ததும் கையை மேலே திருப்பி ஆட்டினார், என்ன ஆச்சு என்று. அந்த ஜாடைக்கு ஒரே ஜாடையில்தான் பதில் சொல்ல முடியும், தலையை ஆட்டலாம், அல்லது ஆட்டாமல் இருக்கலாம். கத்திச் சொன்னால் பாதி போகும். பாதி போனால், ஒயர் மட்டும்தான் அவர் காதில் விழும். அவர் பக்கத்தில் வந்து, சத்தத்துக்கு மேல், "என்ன புள்ள, என்னதான் செஞ்சா அவ?" என்றார். அவள் வாய் திறந்தது. மூடியது. லேப் சுவரில் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. வாசற்படியைப் பார்த்தாள். அந்தப் பெல்ட் சுவரில் அடித்த இடத்தில் இன்னும் சுண்ணாம்பு பெயர்ந்த குழி இருந்தது. தாண்டினாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பெல்ட் ஓடுகிற பக்கத்தைத் தவிர்த்துச் சுவரோடு சுவராக நடந்து, ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போய், சிவப்பு பட்டனை அழுத்தினாள்.

மில் தேய்ந்து தேய்ந்து நின்றது. அந்தத் தெருவில் பகலில் இப்படி ஒரு அமைதி யாருக்கும் பழக்கம் இல்லை. பெரியவர் கரண்ட் போயிருச்சாப்பா என்றார். நாச்சிமுத்து அவளையும் பட்டனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவள் மூச்சை இழுத்து, தும்மல் வந்து தும்மிவிட்டு, நடந்ததை நடந்தபடி சொன்னாள். கூட்டவில்லை, குறைக்கவில்லை. சக்கரம் நவநீத் செய்தது என்றாள், கை ரிஸ்வான் செய்தது என்றாள், நல்ல கை என்றாள். மணி அடித்ததைச் சொன்னபோது ராகி அம்மாள் சிரித்தாள். நடுக்கத்தைச் சொன்னாள், உடைந்த டம்ளரைச் சொன்னாள். கடைசியில் ஒயரைச் சொன்னாள். ஒரு சாண் என்று கையாலும் காட்டினாள். "அது யாரு பார்ட்டும் இல்லீங்க. அதை யாரும் பாக்கலை. இவ பாத்தா." அதற்கு மேல் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. சிரிப்புக்காகக் காத்திருந்தாள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. மோட்டாரைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், பிறகு குனிந்து மோட்டாருக்கு அடியில் இருக்கிற இரும்புப் பலகையைப் பார்த்தார். "நம்ம போல்ட்டு மாதிரி," என்றார். முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே, "மூணு பேரு வந்து பாத்தானுங்க அன்னைக்கு. ஒருத்தனும் குனியலை," என்றார். துண்டை உதறினார். "கடைசி பஸ்ஸுக்கு நான் வண்டி எடுத்துட்டு ஸ்டாண்டுக்குப் போறேன். தனியா நடந்து வர வேண்டாம்னு சொல்லிரு." அப்படித்தான் அந்த முடிவு வந்தது, மிளகாய் நெடிக்கு நடுவில்.

அவளுக்குக் கண்ணில் நீர் கோத்தது. மிளகாய் இருந்தது வசதியாகப் போயிற்று. அவர் ஸ்டார்ட்டர் பக்கம் கையை நீட்டினார். இருங்க என்றாள். அவர் கை பட்டனுக்கு மேல் அப்படியே நின்றது. ராகி அம்மாளை இரண்டு அடி தள்ளி நிற்கச் சொன்னாள். பெரியவரின் வேட்டி நுனியைப் பார்த்தாள். குனிந்து பலகையின் போல்ட்டுகளை ஆள்காட்டி விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டாள், பெல்ட்டின் ஓரத்தைத் தொட்டாள், தானியம் கொட்டுகிற மேல் தொட்டியின் விளிம்பைத் தொட்டாள். உதட்டுக்குள் ஏதோ சொல்லிக்கொண்டாள். மறுபடியும் முதலிலிருந்து தொட்டாள். நாச்சிமுத்து காத்திருந்தார். இத்தனை வருஷத்தில் அவள் எதையாவது தொட்டு முடிக்கும்வரை அவர் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. பிறகு அவள் சுவர்ப் பக்கமாக நகர்ந்து, முந்தானைச் செருகலை இன்னொரு தடவை இறுக்கிக்கொண்டு, "இப்பப் போடுங்க," என்றாள்.